யாழ்ப்பாணத்து அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி அமைப்பு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

பத்துப் பன்னிரண்டு பேர் வேலைசெய்யும் அலுவலகம். வெளி லைன் இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு மேசையிலும் ஒரு போன் வேண்டும், உள்ளுக்குள் காசில்லாமல் கதைக்க வேண்டும், வரும் அழைப்பை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். இந்த அளவு அமைப்புக்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன். அழைப்புகளை இணைக்கும் கணினிதான் சேர்வர். அதில் போடுவது இலவசமாகக் கிடைக்கும் அஸ்ரெரிஸ்க் என்ற சொஃப்ட்வெயர். அதை உலாவியில் திறந்து இயக்க ஃப்ரீபிபிஎக்ஸ்.

புதிதாகச் செய்பவர்கள் அநேகமாக சொஃப்ட்வெயரை இறக்கிப் போடுவதில்தான் தொடங்குகிறார்கள். அது அரை நாள் வேலை. நாட்களைத் தின்பவை எண், கரண்ட், வயர், வெளி லைன் ஆகிய நான்கும். அதனால் அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. ஒரு காலை முழுக்க வரவேற்பு மேசையில் இருங்கள்

கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு எட்டரை மணிக்குப் போய் இருங்கள். எத்தனை அழைப்பு வருகிறது, யார் எடுக்கிறார், யாரிடம் கொடுக்கிறார், ஒரே நேரத்தில் ஆகக் கூடியது எத்தனை பேர் வெளியே கதைக்கிறார்கள் என்று எழுதுங்கள். முதலாளி சொல்லும் கணக்கும் மேசையில் நடப்பதும் ஒன்றாக இருந்ததை நான் கண்டதில்லை.

ஒரே நேரத்தில் எத்தனை வெளி அழைப்பு என்ற அந்த எண்தான் முக்கியம். எத்தனை லைன் எடுப்பது, இணைய வேகம் எவ்வளவு வேண்டும் என்ற இரண்டையும் அதுதான் முடிவுசெய்கிறது. குரலை அனுப்பும் வழமையான ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்குப் போக வினாடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிற், வர அதே அளவு. நான்கு அழைப்பென்றால் ஒவ்வொரு திசைக்கும் சுமார் 350 கிலோபிற். இன்றைய ஃபைபர் இணைப்புக்கு இது சிறிய சுமை. உள்ளுக்குள் கதைப்பதற்கு இணையமே தேவையில்லை. அது சுவிட்ச்சோடு, அதாவது எல்லா மேசை வயரும் வந்து சேரும் நெற்வேர்க் பெட்டியோடு, முடிந்துவிடும்.

2. எண் திட்டத்தைத் தாளில் முடியுங்கள்

கனபேர் 101, 102 என்று தொடங்குகிறார்கள். இங்கே அது பிழை. 110 தீயணைப்பு, 119 பொலிஸ். 101-இல் தொடங்கி இருபது பேருக்குக் கொடுத்தால் யாரோ ஒருவருடைய எக்ஸ்ரென்ஷன், அதாவது உள் எண், 119 ஆகிவிடும். அவசரத்தில் பொலிஸை அழைத்தவருக்குக் கணக்குப் பகுதி மேசை அடிக்கும்.

2-இல் தொடங்குவதும் வேண்டாம். யாழ்ப்பாணத்து லைன் எண்கள் அநேகமாக 021-க்குப் பிறகு 2-இல் தொடங்குகின்றன. பழைய பழக்கத்தில் 021 போடாமல் ஏழு இலக்கத்தை மட்டும் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 222 என்று ஒரு எக்ஸ்ரென்ஷன் இருந்து, மூன்று இலக்கம் வந்த உடனே அனுப்பும்படி போனில் அமைத்திருந்தால், அவர் நாலாவது இலக்கத்தைத் தொடும் முன்னரே உள்ளுக்குள் அடித்துவிடும்.

நான் 4-இல் தொடங்குவேன். கீழ் மாடிக்கு 41-இல் தொடங்கும் எண்கள், மேல் மாடிக்கு 42, கிளைக்கு 45. எண்ணை ஆளுக்குக் கொடுக்க வேண்டாம், மேசைக்குக் கொடுங்கள். ஆள் மாறினாலும் காசாளர் மேசை காசாளர் மேசையாகவே இருக்கும்.

வெளியே அழைக்க முன்னால் 9 அடிக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எங்கள் வெளி எண்கள் எல்லாம் 0-இல் தொடங்கி 10 இலக்கமாக வருவதால் சேர்வருக்குத் தானாகவே விளங்கும். அலைபேசியில் இருக்கும் எண்ணை அப்படியே பார்த்து அடிக்கலாம். அவசர எண்ணுக்கு முன்னால் என்ன அடிப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியும் இராது.

3. கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள்

பழைய செப்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஊர் முழுக்க இருட்டானாலும் போன் வேலைசெய்தது. நெற்வேர்க் வயரில் இயங்கும் ஐ.பி. போன் அப்படியில்லை. போன், சுவிட்ச், சேர்வர், ரவுட்டர், சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டி, இதில் ஒன்று அணைந்தாலும் வெளியே கதைக்க முடியாது. ஃபைபர் பெட்டியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சேர்வருக்கு நல்ல யு.பி.எஸ். வாங்கி வைத்திருப்பார்கள், ஃபைபர் பெட்டி பக்கத்து அறையில் சும்மா பிளக்கில் கிடக்கும்.

கணக்கு இப்படி: சிறிய சேர்வர் 15 வாட், பத்துப் போனோடு சுவிட்ச் 50 வாட், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 20 வாட். மொத்தம் 85 வாட். கடையில் கிடைக்கும் சிறிய யு.பி.எஸ்.ஸில் இருப்பது அநேகமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றறி. தாளில் அது 84 வாட்-மணி; உண்மையில் கையில் கிடைப்பது பாதிதான். ஆகவே அரை மணித்தியாலம். 2022-இல் வந்தது போன்ற நீண்ட மின்வெட்டை நினைத்துக்கொண்டு அமைப்பதென்றால் இன்வேர்ட்டரும் 100 ஆம்பியர்-மணி பற்றறியும் வையுங்கள். அதில் பாதியை மட்டும் பாவித்தாலும் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும்.

போனுக்கெல்லாம் தனித்தனி அடப்ரர் வாங்க வேண்டாம். நெற்வேர்க் வயரிலேயே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. சுவிட்ச் எடுங்கள். அப்போது ஒரு சுவிட்ச்சுக்கு யு.பி.எஸ். கொடுத்தால் எல்லா மேசைக்கும் கொடுத்த மாதிரி. வாங்கும்போது வயர் செருகும் துறை எத்தனை என்பதை மட்டும் பார்க்காமல், மொத்தம் எத்தனை வாட் தரும் என்பதையும் பாருங்கள். எட்டுத் துறை இருந்தும் நாலு போனுக்கு மேல் தாங்காத சுவிட்ச்சுகள் விற்கின்றன.

இடி மின்னலையும் இந்தக் கட்டத்திலேயே நினைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மின்னலோடு சுவிட்ச், ரவுட்டர், போன் எல்லாம் ஒன்றாகப் போன அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு அளந்து பார்ப்பியுங்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், ஆகவே வைகாசியில் அளப்பதுதான் நல்லது.

4. வயர் இழுங்கள், வைபையை நம்ப வேண்டாம்

இங்கே கன அலுவலகங்கள் பழைய வீடுகளில் இயங்குகின்றன. சுண்ணாம்புக்கல்லுச் சுவர் ஒன்றரை அடி தடிப்பு. முன் விறாந்தையில் இருக்கும் வைபை பின் அறைக்கு அரைகுறையாகத்தான் போகும். இணையப் பக்கம் திறக்க அது போதும், குரலுக்குப் போதாது. குரல் ஒரு வினாடிக்கு 50 சிறு பொதிகளாகப் போகிறது. ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை, சொல் அறுந்துவிடும்.

ஒவ்வொரு மேசைக்கும் சுவிட்ச்சிலிருந்து நேராக ஒரு கேற்-6 வயர். 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. வாங்கும்போது முழுச் செப்பா என்று பாருங்கள். அலுமினியத்துக்குச் செப்புப் பூசிய வயர் விலை குறைவு, ஆனால் பி.ஓ.இ. மின்சாரத்தில் சூடாகும், தூரத்துப் போன் அடிக்கடி அணைந்து எழும்பும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கூரைக்குள் ஓடும் வயரை பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். ஓட்டு வீடுகளில் அணில் கடித்த வயரைத் தேடி நான் ஏணியில் கழித்த நாட்கள் அதிகம். ஒரே வளவில் இரண்டு கட்டடம் இருந்தால் நடுவில் செப்பு வயர் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். மின்னல் ஒன்றில் விழுந்தால் மற்றக் கட்டடத்துக்குப் போகாது.

5. வெளி லைன் எந்த வழியில் வரும் என்று தீர்மானியுங்கள்

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, இப்போது இருக்கும் லைனை அப்படியே எடுத்து, லைனைச் சேர்வரோடு இணைக்கும் எப்.எக்ஸ்.ஓ. கேற்வே என்ற சிறிய பெட்டியில் செருகுவது. ஃபைபர் இணைப்பில் வரும் லைன் என்றால் ஃபைபர் பெட்டியின் போன் துறையிலிருந்து கேற்வேக்கு ஒரு குட்டி வயர். எண் மாறாது, புது விண்ணப்பம் வேண்டாம். முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, தொலைபேசி நிறுவனத்திடம் சிப் லைன், அதாவது நெற்வேர்க் இணைப்பு வழியாகவே வரும் லைன், எடுப்பது. ஒரே இணைப்பில் பல அழைப்பு, ஒவ்வொரு மேசைக்கும் நேரடி எண் என்று வசதி அதிகம். வெளி அழைப்பு ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் போகும் அலுவலகத்துக்கு இதுதான் பொருந்தும். விண்ணப்பம், வியாபாரப் பதிவு என்று நாட்கள் எடுக்கும், ஆகவே முதல் நாளே கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, சிம் போடும் ஜி.எஸ்.எம். கேற்வே. அலைபேசிகளுக்கே அதிகம் எடுக்கும் அலுவலகத்துக்கு உதவும், ஃபைபர் அறுந்த நாளிலும் கை கொடுக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் மற்றவர்களுடைய அழைப்புகளை இதன் வழியாக உள்ளூர் எண்களுக்குத் திருப்பிக் கொடுப்பது அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழில். உறவினர் கேட்டாலும் செய்ய வேண்டாம். எந்தப் பெட்டியை வாங்கினாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

6. சேர்வர்

இது சுருக்கமான பகுதி. 4 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள ஒரு சிறிய கணினி போதும். மெமரி கார்ட்டில் ஓடும் குட்டிப் பலகைக் கணினி இங்கே வேண்டாம், திடீரென்று கரண்ட் போய்ப் போய் வந்தால் கார்ட் பழுதாகும். டெபியன் 12 போட்டு அதன் மேல் ஃப்ரீபிபிஎக்ஸ் 17-ஐ நிறுவுங்கள்.

நிறுவிய உடனே மூன்று விடயம். சேர்வருக்கு மாறாத ஐ.பி. முகவரி கொடுங்கள், அது மாறினால் எல்லாப் போனும் வழி தெரியாமல் நிற்கும். நேர வலயம் ஆசியா/கொழும்பு என்று வையுங்கள். இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மூடவேண்டிய அழைப்பு வழி ஐந்தரை மணித்தியாலம் பிசகும். கணினியின் பயோஸில், கரண்ட் வந்ததும் தானாக எழும்பு என்ற அமைப்பைப் போடுங்கள். இல்லையென்றால் ஞாயிறு இரவு கரண்ட் போய் வந்த பிறகு திங்கள் காலை யாராவது வந்து பொத்தானை அமத்தும் வரை போன் இல்லை.

7. இரண்டு போனோடு மட்டும் தொடங்குங்கள்

பன்னிரண்டு போனையும் ஒரேயடியாக விரிக்க வேண்டாம். 411, 412 என்று இரண்டு எக்ஸ்ரென்ஷன் உருவாக்கி, இரண்டு போனில் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு எடுங்கள். இரு பக்கமும் கேட்கிறதா, அழைப்பை மாற்றலாமா, வைத்தவுடன் வெட்டுகிறதா என்று பாருங்கள். பிழை இந்தக் கட்டத்தில் வந்தால் தேடவேண்டிய இடம் சேர்வர், வயர், போன் மூன்றே. வெளி லைனையும் கொடுத்த பிறகு வந்தால் தேடவேண்டியது இரட்டிப்பாகும்.

இரண்டும் சரியென்றால் மிச்சத்தைச் சேருங்கள். ஒவ்வொரு போனும் வேலைசெய்த பிறகு அடுத்தது.

8. வெளி லைன் கொடுக்க முன்னர் பூட்டுங்கள்

இந்தப் படியைக் கடைசிக்கு ஒத்திவைத்த அலுவலகம் ஒன்றை எனக்குத் தெரியும். 411-க்குக் கடவுச்சொல்லும் 411. வீட்டிலிருந்து போன் எடுக்க வசதி என்று ரவுட்டரில் சிப் அழைப்புச் செய்திகள் நுழையும் 5060 துறையையும் திறந்து விட்டிருந்தார்கள். ஒரு சனி, ஞாயிறுக்குள் அந்த வழியாக யாரோ நுழைந்து, கேள்விப்படாத நாடுகளுக்கு விடிய விடிய அழைப்பு எடுத்துவிட்டார்கள். பில் அலுவலகத்துக்குத்தான் வந்தது.

ஆகவே: ஒவ்வொரு எக்ஸ்ரென்ஷனுக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் தானே உருவாக்கித் தரும் நீண்ட கடவுச்சொல்லை அப்படியே வைத்திருங்கள், மாற்ற வேண்டாம். ஃபயர்வோலையும், பிழையாக முயல்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பான்-ஐயும் இயக்குங்கள். ரவுட்டரில் 5060-ஐ இணையத்துக்குத் திறக்க வேண்டாம். சாவகச்சேரியிலோ நெல்லியடியிலோ கிளை இருந்தால் இரண்டு ரவுட்டருக்கும் இடையில் வி.பி.என். என்ற பூட்டிய இணைப்பைப் போட்டு அதன் வழியாகப் பதியுங்கள்.

வெளி அழைப்பு வழியில் 0-இல் தொடங்கி, இரண்டாவது இலக்கம் 0 அல்லாமல், மொத்தம் 10 இலக்கம் உள்ளவற்றை மட்டும் விடுங்கள். இதனால் 00-இல் தொடங்கும் வெளிநாட்டு அழைப்பு தானாகத் தடைபடும். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் எடுக்கவேண்டியவர் இருப்பார். அவருக்கு மட்டும் இரகசிய எண்ணோடு தனி வழி கொடுங்கள். 110, 119, 1990 அம்புலன்ஸ் மூன்றுக்கும் எல்லா மேசையிலிருந்தும் தடையில்லாத வழி இருக்க வேண்டும். 1919 அரச தகவல் நிலையம் போன்ற நான்கு இலக்க எண்களையும் சேருங்கள். வழி சரியா என்று பார்க்க 1919-க்கு எடுத்துப் பாருங்கள். சும்மா சோதனைக்கு 119-க்கு எடுக்கக் கூடாது.

9. ஒரு லைனை மட்டும் செருகிப் பாருங்கள்

மூன்று லைன் இருந்தாலும் முதலில் ஒன்று. இரண்டு கோளாறு அநேகமாக வரும்.

முதலாவது, கேற்வேயில் வருவது: மறுபக்கம் வைத்த பிறகும் லைன் வெட்டாமல் நிற்பது. எங்கள் அமைப்பில் அழைப்பு முடிந்தாலும் லைன் திறந்தே கிடக்கும், அடுத்து எடுப்பவருக்கு பிஸி என்று வரும். நாங்கள் மேசையில் போனைப் பார்த்துக்கொண்டு, ஏன் இன்றைக்கு ஒருவரும் எடுக்கவில்லை என்று இருப்போம். மறுபக்கம் வைத்ததைக் கேற்வே அறிய மூன்று வழி: லைனின் முனைவு மாறுவது, மின்னோட்டம் ஒரு கணம் நிற்பது, பிஸி ஒலி கேட்பது. உங்கள் லைனில் எது வருகிறது என்று தொலைபேசி நிறுவனத்தின் தொழில்நுட்பப் பகுதியில் கேட்டு, அதையே கேற்வேயில் தெரிவுசெய்யுங்கள். முதலிரண்டும் இல்லையென்றால் பிஸி ஒலியின் அதிர்வெண்ணையும், எத்தனை மில்லி வினாடி ஒலித்து எத்தனை நிற்கிறது என்பதையும் கேற்வேயில் பதிய வேண்டும். பிறகு அலைபேசியிலிருந்து பத்துத் தடவை எடுத்து, பத்துத் தடவையும் அலைபேசிப் பக்கம் முதலில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சிப் லைனில் வருவது. வரவேற்பில் இருந்த பிள்ளை என்னிடம் வந்து, "அண்ணை, நான் கதைக்கிறது அவைக்குக் கேக்குதாம். அவை கதைக்கிறது எனக்குக் கேக்கேல்லை" என்றார். ஒரு பக்கக் குரல் என்றால் இதுதான். போனையும் ஹெட்செற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். காரணம் அநேகமாக ரவுட்டர். சிப் செய்தி கடிதம் மாதிரி: உறையில் ஒரு முகவரி, உள்ளே எழுதியது இன்னொரு முகவரி. ரவுட்டர் உறையில் இருப்பதை மட்டும் வெளி முகவரியாக மாற்றும். உள்ளே 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரி அப்படியே போகும், குரல் திரும்பி வர இடம் தெரியாமல் அலையும். ஃப்ரீபிபிஎக்ஸின் சிப் அமைப்பில் வெளி முகவரியையும் உள் வலையமைப்பையும் சரியாக எழுதுங்கள். ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதி இருந்தால் நிறுத்துங்கள். உதவ வந்து செய்தியைக் குழப்புவது அதன் வேலையாக இருக்கிறது.

குரல் விட்டு விட்டு வந்தால் அப்லோட் பக்கத்தைப் பாருங்கள். பாதுகாப்புக் கமரா முழு நாளும் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் அடங்கும்.

10. வரும் அழைப்பை யார் எடுப்பது

இந்த அளவு அலுவலகத்தில் வேலை நேரத்தில் பதிவுக் குரல் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் "மெசின் கதைக்குது" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். வரவேற்பில் அடிக்கட்டும், 20 வினாடிக்குள் எடுக்காவிட்டால் மூன்று மேசையில் ஒன்றாக அடிக்கட்டும்.

பூட்டிய நேரத்துக்குப் பதிவுக் குரல் நல்லது. முதலில் தமிழ், பிறகு சிங்களம், ஆங்கிலம். தமிழ்ப் பகுதி 15 வினாடிக்கு மேல் போகக் கூடாது. அலுவலகத்தில் வேலைசெய்யும் ஒருவரின் சொந்தக் குரலில், அவர் கதைக்கும் மாதிரியே பதியுங்கள். மின்விசிறியை நிறுத்தி, கோப்பு அலுமாரி நிறைந்த அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பதிந்தால் எதிரொலி வராது. கோப்பு 8000 ஹேர்ட்ஸ், 16 பிற், மோனோ. அதைவிட உயர்ந்த தரத்தில் பதிந்தாலும் லைனில் அதுதான் போகும்.

விடுமுறைப் பட்டியலில் போயா நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள், அவை மாதா மாதம் திகதி மாறி வரும். நல்லூர்ப் பக்கம் இருக்கும் அலுவலகங்கள் திருவிழா நடக்கும் 25 நாட்களுக்கும் நேரம் மாற்றுவதுண்டு, அதையும் சேருங்கள்.

11. ஒரு கிழமை இரண்டும் ஓடட்டும்

பழைய போனைக் கழற்ற வேண்டாம். ஒரு லைன் பழையபடி நேரடிப் போனில் இருக்கட்டும், மற்றவை புது அமைப்பில் ஓடட்டும். ஒவ்வொரு போனிலும் சிறு தாள் ஒட்டுங்கள்: அழைப்பை மாற்றுவது எப்படி, மற்றவருக்கு அடிப்பதை என் மேசையிலிருந்து எடுப்பது எப்படி, எல்லா மேசை எண்களும். பழக்கும்போது நீங்கள் செய்து காட்ட வேண்டாம். அவர்கள் கையால் மூன்று தடவை மாற்றச் சொல்லுங்கள். பார்த்தவர் மறப்பார், மாற்றிப் பழகியவர் மறப்பது குறைவு.

கிழமை முடிவில் அமைப்பை முழுதாக பாக்கப் எடுத்து வேறொரு கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். சேர்வருக்குள்ளேயே வைத்த பாக்கப் சேர்வரோடு போய்விடும்.

பிறகு கடைசிச் சோதனை. சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு கரண்டின் பிரதான சுவிட்ச்சை அணையுங்கள். கையில் மணிக்கூட்டோடு, யு.பி.எஸ்.ஸில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுங்கள். அது முழுக்க இறங்கி எல்லாம் அணைந்த பிறகு, கால் மணித்தியாலம் விட்டுக் கரண்டைப் போடுங்கள். எதையும் தொட வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்து, அலைபேசியிலிருந்து அலுவலக எண்ணுக்கு எடுங்கள். வரவேற்பில் அடித்து, இரு பக்கமும் கேட்டு, வைத்தவுடன் லைன் வெட்டினால், திங்கட்கிழமை பழைய போனைக் கழற்றலாம்.